அக்கா கொடுத்த மலை மாவு

ஹூக் தைக்கும் வேலைதான் முதலில் என் கையை விட்டுப் போனது. துணி வெட்ட முடிந்தது. மிஷினும் ஓட்ட முடிந்தது. ஆனால் ஜாக்கெட்டின் முன்பட்டியில் ஹூக்கை வைத்து ஊசியால் இறுக்கும்போது, அது விரலில் இருக்கிறதா, கீழே விழுந்துவிட்டதா என்று எனக்குத் தெரியாது. குனிந்து மடியில் தேடுவேன். தரையில் தேடுவேன். கடைசியில் பார்த்தால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலேயே இருக்கும்.

கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்து ஊரில், வீட்டு முன் அறையில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். பத்தாவது வரை படித்திருக்கிறேன். வீட்டுக்காரர் கரும்பு லாரி ஓட்டுகிறார். வெட்டுக் காலத்தில் அவர் வீட்டில் தங்குவது குறைவு. பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டோம். மார்பில் கட்டி என்று தெரிந்ததும் சேலத்தில் ஆபரேஷன் ஆனது. பிறகு கீமோ போட்டார்கள். வாந்தியும் முடி கொட்டுவதும் வரும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். கையும் காலும் இப்படி ஆகும் என்பதை யாரோ சொல்லியிருக்கலாம். என் காதில் ஏறவில்லை.

முதலில் விரல் நுனிகளில் எறும்பு ஊர்வது போல இருந்தது. பிறகு உள்ளங்காலில் எரிச்சல். தார் ரோட்டில் மத்தியான வெயிலில் நிற்பது போல எரியும். தண்ணீர்த் தொட்டியில் காலை விட்டால், தண்ணீர் குளிர்ச்சியா வெதுவெதுப்பா என்று தெரியாது. ஒரு நாள் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரைக்கும் ஒற்றைச் செருப்போடு நடந்து வந்திருக்கிறேன். வாசலில் நின்ற பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் பார்த்தேன்.

“இன்னாக்கா, இன்னொண்ண யாருக்குக் குடுத்துட்டு வர்ற?” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். உள்ளே வந்து உட்கார்ந்ததும் பயமாக இருந்தது.

அந்தக் காலம் முழுவதும் என்னோடு இருந்தது என் அக்கா. வடக்கனந்தலில் இருக்கிறாள். என்னைவிட நாலு வயது மூத்தவள்.

அக்காவைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனம் சொல்ல எழுப்புவார்கள். வசனம் நெஞ்சில் முழுசாக இருக்கும், நாக்கில் வராது. பின் பெஞ்சிலிருந்து அக்கா எழுந்து என் வசனத்தைச் சொல்லிவிடுவாள். டீச்சரும் மார்க்கை என் பேரிலேயே எழுதிக்கொள்வார். என்னைப் பெண் பார்க்க வந்தபோது, தையல் தெரியுமா, சமையல் தெரியுமா என்று கேட்டதற்கெல்லாம் அக்காதான் பதில் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டார் ஒரு கட்டத்தில் எந்தப் பெண்ணைப் பார்க்க வந்தோம் என்று குழம்பிப்போனதாக என் வீட்டுக்காரர் இன்றைக்கும் கிண்டல் செய்வார்.

ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். டாக்டரம்மா என்னைப் பார்த்துத்தான் கேட்பார்.

“நேத்து சாப்பிட்டீங்களா?”

“ரெண்டு இட்லி துன்னாங்க டாக்டர். ஒண்ணு வெளிய வந்துடிச்சி.” இது அக்கா.

“தூக்கம் வருதா?”

“எங்கங்க? பொரண்டுகினே கீறா.”

“இங்க பேஷண்ட் யாரு?” என்று டாக்டரம்மா ஒருமுறை பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். அப்போது அது எனக்குப் பெரிய நிம்மதி. என் உடம்பில் நடப்பதை என்னைவிடச் சரியாகச் சொல்ல ஒருத்தி இருந்தாள்.

முடி கொத்துக் கொத்தாக வர ஆரம்பித்ததும் அக்காதான் எனக்கு மொட்டை அடித்தாள். சலூனுக்குக் கூட்டிப்போனால் நான் கூசிப்போவேன் என்று மாமாவின் ரேஸரை எடுத்து வந்து, கிணற்றடியில் உட்காரவைத்து அவளே வழித்தாள். பஸ்ஸில் எனக்கு வாந்தி வரும் என்று மடியில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தை வைத்துக்கொண்டே சேலம் வரைக்கும் வருவாள். இதையெல்லாம் நான் மறக்கவில்லை. மறக்க முடிந்திருந்தால் பிறகு நடந்தது இந்த அளவுக்கு வலித்திருக்காது.

கீமோ முடிகிற சமயத்தில் அக்கா ஒரு ஊட்டச்சத்து கம்பெனியில் சேர்ந்தாள். கம்பெனி என்றால் ஆபீஸ் வேலை இல்லை. டப்பாக்களை வாங்கித் தெரிந்தவர்களிடம் விற்க வேண்டும். அவர்களையும் விற்க வைக்க வேண்டும். கள்ளக்குறிச்சியில் கல்யாண மண்டபத்தில் மாதக் கூட்டம் நடக்கும். யாராவது மேடை ஏறி, இதைச் சாப்பிட்டேன், இந்த வியாதி சரியாயிற்று என்று சொல்வார்கள். எங்கள் சபையில் சாட்சி சொல்வது போலத்தான். அக்காவுக்கு அது பிடித்துப்போனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. பேசத் தெரிந்தவள்.

எனக்கு மூன்று டப்பா கொண்டுவந்தாள். ஒன்று நரம்புக்கு, ஒன்று ரத்தத்துக்கு, ஒன்று பொதுவாகத் தெம்புக்கு.

“நரம்புக்கும் சோறு வேணும்டி. கீமோ உன் நரம்ப பட்டினி போட்டு வெச்சிருக்கு. இது அதுக்கு சோறு.”

அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. பட்டினி கிடந்தால் கை நடுங்கும், கால் மரத்துப்போகும். எங்கள் ஊரில் யாருக்கும் அதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. காலையிலும் மாலையிலும் ஒரு கை மாத்திரையை விழுங்கினேன்.

“இதத் துன்னே வயிறு ரொம்பிடும் போல கீது. சோத்துக்கு அரிசி மிச்சம்,” என்றார் வீட்டுக்காரர்.

முதல் நாளே சிறுநீர் மஞ்சளாகப் போனது. சாதாரண மஞ்சள் இல்லை. கல்யாணப் பத்திரிகை முனையில் தடவுவார்களே, அந்த மஞ்சள். பயந்துபோய் அக்காவுக்குப் போன் செய்தேன்.

“பயப்படாத. மருந்து உள்ள வேலை செய்யுதுன்னு அர்த்தம்,” என்றாள். நம்பினேன். பிறகு தினமும் அந்த நிறத்தைப் பார்க்கும்போது ஒரு தைரியம் கூட வந்தது.

கொஞ்ச நாளில் எரிச்சல் குறைந்தது போல இருந்தது. குறைந்ததா, குறைய வேண்டும் என்ற ஆசையா என்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை. அப்படி ஒரு நல்ல நாளில் அக்கா வந்திருந்தபோது, ஊசியில் நூல் கோக்கச் சொன்னாள். கோத்தேன். நூலை உதட்டில் ஈரப்படுத்தி, வெளிச்சத்தில் கண்ணால் பார்த்துக் கோப்பது எனக்குப் பழக்கம். அதற்கு விரலில் உணர்ச்சி அவ்வளவாக வேண்டியதில்லை. அக்கா அதைப் போனில் வீடியோ எடுத்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

பிறகு ஜாக்கெட் வாங்க வந்த ஒரு பெண் தன் போனைக் காட்டினாள். “இது உங்க கைதானேக்கா? இந்தத் தழும்ப வெச்சிக் கண்டுபுடிச்சேன்.” என் கைதான். கத்தரி பட்ட பழைய தழும்பு. நூல் ஊசிக்குள் போகிறது. பின்னால் அக்காவின் குரல், கீமோவில் செத்துப்போன நரம்பு மறுபடி உயிர் பெற்றது என்று சொல்கிறது. முகம் இல்லை, கை மட்டும்தான். ஆனாலும் யாரோ என் வீட்டு ஜன்னல் திரையை விலக்கிவிட்டது போலக் கூச்சமாக இருந்தது. அக்காவிடம் கேட்டேன்.

“மூஞ்சியே காட்டலியே. இதுக்கு இன்னாத்துக்கு வெக்கம்? நாலு பேருக்கு நல்லதுதானே.”

முகத்தைக் காட்டவில்லை என்பதே அவள் எனக்குச் செய்த மரியாதை என்று அப்போது எண்ணிக்கொண்டேன்.

அந்த நல்ல நாட்கள் நீடிக்கவில்லை. மரத்துப்போனது விரல் நுனியிலிருந்து உள்ளங்கைக்கு ஏறியது. ஒரு நாள் தைத்த ஜாக்கெட்டை இஸ்திரி போடும்போது துணி பொசுங்கும் வாசனை வந்தது. பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். துணி நன்றாக இருந்தது. பொசுங்கியது என் இடது கைச் சுண்டுவிரலின் ஓரம்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா கொப்புளத்தைப் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாகக் குச்சியால் தொட்டார். முகம் மாறியது.

“இது கீமோ முடிஞ்ச பிறகு மெதுவா கொறையணும். கூடியிருக்கே. வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?”

“இல்லீங்க டாக்டர். சத்தான சாப்பாடுதான்,” என்றாள் அக்கா.

அக்கா ஏன் அப்படிச் சொன்னாள் என்று புரியவில்லை. டாக்டர்களுக்கு வெளி மருந்து பிடிக்காது, திட்டு விழும், எனக்காகத்தான் மறைக்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் நர்ஸ் பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டுக்காக எங்கள் ஒயர் கூடையில் கைவிட்டபோது, வழியில் விழுங்கக் கொண்டுவந்த மாத்திரை டப்பா வெளியே வந்தது.

டாக்டரம்மா திட்டவில்லை. டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தார். மற்ற இரண்டின் படத்தையும் அக்காவின் போனில் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

“மூணுலயும் ஒரே வைட்டமின் இருக்கும்மா. பி சிக்ஸ். கொஞ்சமா இருந்தா நல்லது. இப்படி மேல மேல சேர்ந்துச்சுன்னா அதுவே நரம்பைக் கெடுக்கும். கீமோ செஞ்ச அதே வேலையை இதுவும் செய்யும். எல்லாத்தையும் நிறுத்திடுங்க. நிறுத்தின பிறகும் கொஞ்ச நாள் ஜாஸ்தியா இருக்கற மாதிரி தெரியும். பயப்பட வேணாம், பொறுமையா இருங்க.”

எரிச்சலுக்கு ஒரே ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அக்கா, “செரிங்க டாக்டர்” என்று தலையாட்டினாள். பஸ் சின்னசேலம் வந்ததும் சொன்னாள்: “அந்தம்மா அவங்க மருந்த விக்கணும். வேற இன்னா சொல்லுவாங்க?”

நான் நிறுத்திவிட்டேன். மஞ்சள் நிறமும் நின்றது. டாக்டரம்மா சொன்னபடியே சில வாரங்கள் மோசமாக இருந்தது. பாத்திரம் தேய்க்கும்போது டம்ளர் நழுவி நழுவி விழும். அதற்குப் பிறகு ஒரு காலையில் தொட்டியில் தண்ணீர் மொண்டபோது, வலது கைச் சுண்டுவிரலில் சில்லென்று ஒரு கோடு ஓடியது. திரும்பக் கையை விட்டேன். மறுபடியும் சில்லென்றது. எனக்கு அழுகை வந்தது. அன்றைக்கு ஹூக் தைக்க உட்கார்ந்தேன். முடியவில்லை. ஆனால் முடியும் என்று இருந்தது.

இதை நான் முதலில் சொன்னது அக்காவிடம்தான். அடுத்த வாரமே ஒரு பெரிய கவரில் மாவு கொண்டுவந்தாள்.

“வெள்ளிமலைக்கு மேல ஒரு ஊர்ல ஒரு அம்மா அரைச்சுக் குடுக்குது. சந்தைல பாத்துப் பழக்கம். வெறும் சாமையும் மூலிகையும்தான். மாத்திரை இல்ல, மண்ணு இல்ல. கஞ்சி காச்சிக் குடி. மலைல வெளைஞ்சது இன்னா பண்ணிடப் போவுது?”

இந்தக் கடைசிக் கேள்விக்கு எங்கள் பக்கத்தில் யாரிடமும் பதில் கிடையாது. கடையில் தேன் வாங்கினால் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டு ஊறுகிறதா என்று பார்ப்போம். மலைக்காரர்கள் சந்தைக்குக் கொண்டுவரும் தேனை அப்படிச் சோதிக்க மாட்டோம். அங்கிருந்து இறங்கி வரும் புளி, கடுக்காய், சாமை எதுவும் கெடுதல் செய்யாது என்பது எங்களுக்குப் பேசித் தீர்க்க வேண்டிய விஷயமே இல்லை. அதோடு டாக்டரம்மா மாத்திரையைத்தான் வேண்டாம் என்றார். கஞ்சியை வேண்டாம் என்று சொல்லவில்லை.

தினமும் இரண்டு வேளை குடித்தேன். வெல்லம் போட்டாலும், ஏலக்காய் தட்டிப் போட்டாலும் அடியில் ஒரு கசப்பு நின்றது. எனக்குத் தெரிந்த கசப்பு மாதிரி இருந்தது. எங்கே என்று நினைவு வரவில்லை. மூலிகைக் கசப்பு என்று விட்டுவிட்டேன்.

சிறுநீர் மறுபடியும் மஞ்சளானது.

அக்காவிடம் கேட்டேன். “மலைல அரைக்கும்போதே மஞ்சள் போடுவாங்கடி,” என்றாள். உடம்புச் சூடாக இருக்கும் என்று இளநீர் குடித்தேன். மஞ்சள் போகவில்லை. பிறகு ஒரு நாள் தொட்டியில் கையை விட்டபோது அந்தச் சில்லென்ற கோடு இல்லை. வெளியே எடுத்து, துடைத்து, மறுபடி விட்டேன். இல்லை. திரும்பி வந்த ஒரே விரலும் போய்விட்டது.

அப்போதும் எனக்கு அக்கா மேல் சந்தேகம் வரவில்லை. இதைச் சொல்ல வெட்கமாகக்கூட இருக்கிறது. மலைக்கார அம்மா ஏதோ ஒரு மூலிகையைக் கூடுதலாகச் சேர்க்கிறாள், அது என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, நேரில் கேட்டு அதை மட்டும் நீக்கி அரைத்துத் தரச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். அக்காவிடம் சொல்லி அனுப்பியிருக்கலாம். மாதக் கூட்டம் என்று அவள் அலைந்துகொண்டிருந்தாள். அவளுக்குச் சிரமம் வேண்டாம் என்று நானே கிளம்பினேன். மாவில் கொஞ்சம் ஒரு சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டேன்.

அதுவரை நான் தனியாக மலைக்குப் போனதில்லை. மலையடிவாரத்து அணையைத் தாண்டி பஸ் வளைந்து வளைந்து ஏறும்போது, முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தேன். பிடித்திருக்கிறேனா என்று அடிக்கடி கையைப் பார்த்துக்கொண்டேன். இறங்கும்போது படியில் கால் எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து வைத்தேன். கண்டக்டர், “அவசரமில்ல, மெதுவா எறங்கும்மா” என்றார். கஞ்சி மாவு அரைக்கிற அம்மா வீட்டைக் கேட்க, டீக்கடை முன்னால் வெகுநேரம் நின்றேன். யாராவது என்னிடம் என்ன வேண்டும் என்று கேட்க மாட்டார்களா என்று இருந்தது. கடைசியில் நானே கேட்டேன்.

அந்த அம்மா வாசலில் தார்ப்பாயில் புளியைக் கொட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும்.

“எங்கம்மா, கீழ்நாட்டுலேர்ந்து வர்றியா?”

“ஆமாங்க. எங்க அக்கா உங்ககிட்ட மாவு வாங்குவாங்க. வடக்கனந்தல்...”

“ஓ, நிறுத்தாம பேசுமே, அந்தம்மாவா? நீ தங்கச்சியா?” என்னை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தாள். “அவங்க பேச்சுல பாதிய உனக்குக் குடுத்திருக்கலாம். ஒக்காரு.”

டப்பாவைக் கொடுத்தேன். கசப்பாக இருக்கிறது, என்ன மூலிகை என்று கேட்டேன். மூடியைத் திறந்து முகர்ந்தாள். ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துத் துப்பினாள்.

“இதுல மூலிகையே கெடையாது. நான் சாமைய வறுத்து, சுக்கு சேத்து அரைப்பேன். அவ்ளோதான். ஒடம்பு முடியாதவங்களுக்கு, வேற ஒண்ணும் போடாதன்னு உங்கக்காவே சொல்லிச்சி.”

உள்ளே போய் ஒரு முறத்தில் தன் மாவைக் கொண்டுவந்து, என் டப்பாவிலிருந்து கொஞ்சம் பக்கத்தில் கொட்டினாள். அவளுடையது பழுப்பு கலந்த வெள்ளை. என்னுடையது மஞ்சள். விரலால் தேய்த்தபோது என் மாவில் சின்னச் சின்னத் துகள்கள் பளபளத்தன. மாத்திரையின் மேல்பூச்சு. அந்தக் கசப்பு எங்கே பழகியது என்று அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அக்காவின் மாத்திரையை விழுங்கும்போது நாக்கில் ஒட்டும் கசப்பு.

“எங்க பேரச் சொல்லிகினு இதுல இன்னாத்தம்மா கலந்தாங்க?” என்றாள். அவள் குரலில் கோபம் இருந்தது. “நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சின்னா, மலைக்காரி மருந்து வெச்சிட்டான்னுதான சொல்லுவாங்க?”

அவள் தன் மாவில் கொஞ்சம் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

வீட்டுக்குப் போகவில்லை. நேராக வடக்கனந்தல் போனேன். அக்கா சமையலறையில் இருந்தாள். ஒரு தட்டை எடுத்து அதில் இரண்டு மாவையும் பக்கத்தில் பக்கத்தில் கொட்டி, அடுப்பு மேடை மேல் வைத்தேன். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. முகத்தில் தெரிந்தது. ஆனால் முதலில் அவள் கேட்டது வேறு.

“மலைக்குத் தனியாவா போன நீ?”

“ஆமா.”

அடுப்பைச் சிறிதாக்கினாள்.

“ஆமாடி. மாத்திரைய மிக்ஸில அரைச்சுக் கலந்தேன். அந்த டாக்டர் பேச்சக் கேட்டுகினு நீ நிறுத்திட்ட. நான் வேற இன்னா பண்றது?”

“எனக்குத் தெரியாம குடுத்திருக்க.”

“தெரிஞ்சா துன்னுவியா?”

“வந்த விரலும் போயிடிச்சிக்கா.”

“கொஞ்சம் பொறுத்தா வரும். அவசரப்படற. எத்தினி பேருக்கு வந்திருக்கு.” பிறகு குரல் தணிந்தது. “அடுத்த கூட்டத்துல உன்ன மேடை ஏத்தறேன்னு சொல்லிட்டேன்டி. எல்லாரும் அந்த நூல் கோக்கற கைய நேர்ல பாக்கணும்னு கீறாங்க. நீ பேசவே வேணாம். நான் பேசிக்கறேன். நீ கோத்துக் காட்டினா போதும்.”

நான் தட்டை எடுக்கக் கையை நீட்டினேன். அவள் என்னைச் சும்மா விடவில்லை.

“உனக்கு மொட்டை அடிச்சது யாரு? பஸ்ஸுல உன் வாந்தியப் புடிச்சது யாரு?”

“நீதான்.”

“அப்புறம்?”

தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். அது அவள் வீட்டுத் தட்டு.

வேறு யாராவது செய்திருந்தால் ஏமாற்றினார்கள் என்று ஒரு சொல்லில் முடித்திருப்பேன். அக்கா விஷயத்தில் அந்தச் சொல் பாதி வழியில் நின்றுவிடுகிறது. மாத்திரையை அவள் நம்பினாள் என்றால் ஏன் என்னிடம் மறைக்க வேண்டும்? நம்பவில்லை என்றால் எப்படி எனக்குக் கொடுக்க மனம் வந்தது? மிக்ஸியில் அதை அரைக்கும்போது என்ன நினைத்திருப்பாள் என்று பலமுறை யோசித்துவிட்டேன். என் வசனத்தை அவள் சொன்ன நாளிலிருந்தே, எனக்காகப் பேசுவதும் எனக்காக முடிவு செய்வதும் அவளுக்கு ஒன்றாகவே இருந்திருக்க வேண்டும். என்னிடம் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியே இருக்காது. இப்படி யோசித்தால் கோபம் குறையும் என்று பார்த்தேன். குறையவில்லை.

அடுத்த முறை சேலத்துக்குத் தனியாகப் போனேன்.

“இன்னிக்கு அக்கா வரலியா?” என்றார் டாக்டரம்மா.

“இல்லீங்க. நானே சொல்றேங்க,” என்றேன். நடுவில் நடுவில் நின்று நின்று, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் நான் ஒன்று கேட்டேன். “திரும்ப ஹூக் தைக்க முடியுங்களா?”

“தெரியலம்மா,” என்றார். “கொஞ்சம் திரும்பி வரலாம். எல்லாமே வரும்னு என்னால சொல்ல முடியாது. காத்திருந்துதான் பாக்கணும்.”

எனக்குப் பிடித்த பதில் இல்லை. ஆனால் வெகுநாளைக்குப் பிறகு ஒருவர் தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று என்னிடம் சொன்னார்.

பிறகு ஒரு நாள் எங்கள் ஊருக்கு அடுத்த காலனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். கூலி வேலை செய்பவள். தலையில் துண்டு கட்டியிருந்ததைப் பார்த்ததும் புரிந்துகொண்டேன். போனில் அந்த வீடியோவைக் காட்டினாள்.

“எனக்கும் இப்படித்தான் மரமரன்னு கீதுக்கா. இது உங்களுக்கு நெஜமா சரியாப் போச்சா?”

பதில் சொல்ல அக்கா பக்கத்தில் இல்லை. “கை என்னுதுதாம்மா,” என்றேன். “ஆனா சரியாவல. இதச் சாப்பிட்டு ஜாஸ்தியாச்சு. எது துன்றதுன்னாலும் உன் டாக்டர்கிட்ட காட்டிட்டுத் துன்னு.” அவள் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். சுண்டுவிரல் ஓரத்துச் சூட்டுத் தழும்பைத் தொட்டாள். தொட்டதைப் பார்த்தேன், உணரவில்லை.

நான் அப்படிச் சொன்னது அக்காவின் காதுக்குப் போயிருக்கும். சபையில் பார்த்தால் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வருவதில்லை.

டிசம்பர் வந்தது. ஒவ்வொரு வருஷமும் கிறிஸ்துமஸுக்கு அக்காவின் ஜாக்கெட்டை நான்தான் தைப்பேன். ஊரில் எல்லோரும் துணியோடு அளவு ஜாக்கெட் ஒன்றை வைத்துக் கொடுப்பார்கள். அதைப் பார்த்துத்தான் புதியதை வெட்டுவோம். அக்காவிடம் மட்டும் நான் அளவு ஜாக்கெட் கேட்டதில்லை. அவளுக்கு வலது தோள் கொஞ்சம் இறக்கம். கழுத்து பின்னால் ஏறியிருக்க வேண்டும். ஜாக்கெட் கை இறுக்கினால் அவளுக்குப் பிடிக்காது. இதெல்லாம் எனக்குப் பாடம். கூடப் பிறந்தவளிடம் அளவு கேட்கிற தையல்காரி எங்கள் பக்கத்தில் இருக்க மாட்டாள்.

இந்த முறை மாமாவிடம் துணியைக் கொடுத்தனுப்பியிருந்தாள். பச்சைத் துணி. வழக்கம்போல வேறு எதுவும் கவரில் இல்லை.

“அளவு ஜாக்கெட் ஒண்ணு வெச்சிக் குடுத்தனுப்பச் சொல்லுங்க மாமா,” என்றேன்.

“உனக்குத் தெரியாத அளவாம்மா?” என்று மாமா சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திவிட்டு, செரி என்று வண்டியை எடுத்தார்.

சில நாள் கழித்து அளவு ஜாக்கெட் வந்தது. எனக்கு நோய் வருவதற்கு முன்னால் நான் தைத்ததுதான். ஹூக்குகள் ஒன்றுகூட அசையாமல் இருந்தன. பச்சைத் துணியை மடித்துப்போட்டு, அதன் மேல் பழைய ஜாக்கெட்டை விரித்து, டேப்பை வைத்து ஒவ்வொரு இடமாக அளந்தேன். என் மனதில் இருந்த அளவும் ஜாக்கெட்டில் இருந்த அளவும் ஒன்றாகத்தான் இருந்தன. ஓர் இடத்தில்கூட மாறவில்லை. இருந்தாலும் ஜாக்கெட்டை வைத்துத்தான் கோடு போட்டு வெட்டினேன்.

தைத்து முடித்தாயிற்று. ஹூக் மட்டும் இன்னும் வைக்கவில்லை.